கீரைக் கணக்கு நோட்டு

2008-இல் திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், என் கணவரின் பாட்டி ஒரு பிடி முளைக்கீரையையும் ஒரு வாழைநாரையும் என் கையில் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "கட்டிக் காட்டு" என்றார். கட்டினேன். அதை இரண்டு விரலால் தூக்கி ஓர் உதறு உதறினார். பாதிக் கீரை தரையில் கிடந்தது. "கடைக்காரன் தூக்கும்போது இப்படி விழுந்தால் நாளைக்கு நம் கட்டைத் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நாரை நீட்டினார். நான் வியாசர்பாடியில் பிறந்தவள்; ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். கீரை என்றால் காலையில் தெருவில் கூடைக்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று இருபத்தேழு கட்டு கட்டினேன். ஆயா நான்கைத்தான் ஒப்புக்கொண்டார்.

குன்றத்தூருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் நிலம். இரண்டு காணி. இந்தப் பக்கத்தில் இன்னும் காணிக் கணக்குதான். ஒரு காணி 1.32 ஏக்கர். நான் வந்தபோது மேற்கே வேலிக்கு அப்பால் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவில் அதன் மாடிப்படி விளக்குகள் எங்கள் பாத்திகளின் மேல் விழுகின்றன. மடை திருப்பப் போகும்போது டார்ச் விளக்கு தேவைப்படாத அளவுக்கு வெளிச்சம் என்பது அந்தக் கட்டடத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை.

வீட்டில் பத்துப் பேர். ஆயா, மாமா, அத்தை (என் மாமனாரும் மாமியாரும்), நாங்கள் இருவர், கொழுந்தன், ஓரகத்தி, பிள்ளைகள் மூவர். கீரைதான் தொழில். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பாலக், வெந்தயக்கீரை, வரப்பு ஓரத்தில் அகத்தி. நெல் போட்டவர்கள் அறுவடை முடிந்தபின் ஒரு மாதம் உறவினர் வீட்டுக்குப் போய்வரலாம். கீரைக்காரர்களுக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. முளைக்கீரையை விதைத்த 21-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகிவிடும். பூவும் வைத்துவிடும். பூத்த கீரை மாட்டுக்குத்தான்.

கடைக்குத் தினமும் சரக்குப் போக வேண்டும். அதனால் தினமும் விதைக்க வேண்டும். நிலத்தைப் பங்கு பங்காகப் பிரித்து, இன்று பிடுங்கிய பாத்தியை நாளை கொத்தி, எருப் போட்டு, மறுநாள் விதைக்கிறோம். ஒரு நாள் விதைப்புத் தவறினால் அன்று ஒன்றும் தெரியாது. இருபத்தைந்து நாள் கழித்து வண்டி காலியாக நிற்கும்போதுதான் தெரியும். 2011-இல் தாத்தா இறந்தபோது யாருக்கும் விதைப்பு நினைவில் இல்லை. காரியமெல்லாம் முடிந்து, இனி சில நாள் வருமானம் இருக்காது என்று மாமா கணக்குப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பாத்திகளில் வரிசையாக இரண்டு இலை, நான்கு இலை, விரல் உயரம் என்று கீரை நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் யாரிடமும் சொல்லாமல் தம் விதையைத் தினமும் எங்கள் பாத்தியில் தூவிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை கிலோ விதை என்று மாமா பலமுறை கேட்டும் அவர் சொல்லவில்லை.

விதைப்பு எளிதான வேலைபோலத் தெரியும். முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கும்பலாக விழும், ஓரிடம் வழுக்கையாக நிற்கும். பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவியபின் ஒரு வேப்பங்கிளையை மேலாக இழுத்தால் போதும். ஆழத்தில் புதைந்த விதை மேலே வராது. முதல் சில நாள் பூவாளித் தண்ணீர்தான். வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் பாத்தியின் மறுகோடியில் போய்ச் சேர்ந்துவிடும். இதை யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை, செய்து தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் பாத்தியை மேடாகப் போட வேண்டும். இலையின் அடியில் வெள்ளைப் புள்ளி தோன்றினால் அந்தப் பாத்தியை உடனே பிடுங்கி, தேறியதை விற்றுவிட வேண்டும். மருந்தடித்துக் காப்பாற்றலாம் என்று நினைக்கக் கூடாது. நான்கு நாளில் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகிற பொருள் அது.

இதெல்லாம் ஒரே வருஷத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை. வீட்டுக்குள் இருந்த கணக்கு பிடிபடத்தான் எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

மாலை நான்கு மணிக்கு வெயில் தணிந்ததும் பிடுங்கத் தொடங்குவோம். வேர் மண்ணைத் தொட்டியில் அலசி, தண்ணீர் வடியவிட்டு, கட்டி, ஈரச்சாக்கில் வேர் வெளிப்பக்கமாக வைத்து அடுக்குவதற்குள் இரவு பத்தாகிவிடும். ஒன்றரை மணிக்குக் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏற்றினால் கணவர் கோயம்பேட்டுக்குக் கிளம்புவார். விடிவதற்குள் சில்லறைக்காரர்கள் வாங்கிப் போய்விட வேண்டும். இந்த ஊரில் ராத்திரிச் சாப்பாட்டில் கீரை சேர்க்கமாட்டார்கள். மத்தியானக் குழம்புக்குத் தப்பிய கீரை குப்பைக்குத்தான். ஐந்து மணிக்கு மேல் எங்கள் கட்டுக்கு விலை கிடையாது, கெஞ்சல்தான். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் ஒருவர் விழித்திருந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இதற்கு நடுவே பத்துப் பேருக்குச் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இரண்டு பசு.

பணம் வந்ததும் மாமாவின் சட்டைப்பையில் போய்ச் சேரும். வேண்டியவர்கள் வேண்டியபோது கேட்டு வாங்கிக்கொள்வோம். வெளியாள் யாராவது களையெடுக்க வந்தால் மாலையில் கூலியை எண்ணிக் கொடுப்பார். அதே வரப்பில் அதே களையை எடுத்த எனக்கு ஊருக்குப் போகப் பஸ் காசு வேண்டுமென்றால் கேட்க வேண்டும். மாமா ஒருமுறைகூட இல்லையென்று சொன்னதில்லை. ஆனாலும் கேட்க வேண்டும். என் அப்பா பெரம்பூரில் ஆலைத் தொழிலாளி. தீபாவளி போனசில் ஐந்து ரூபாய் குறைந்தால்கூட அதற்கு ஒரு காகிதம் இருக்கும், அதில் காரணம் இருக்கும். நான் அந்தக் காகிதத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

வெடித்தது நானல்ல, என் ஓரகத்தி. 2014 புரட்டாசி. அந்த மாதம் கீரைக்கு நல்ல காலம். அசைவம் சாப்பிடாத வீடுகள் அதிகம் என்பதால் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும். அவள் கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு இரவு பதினொன்று வரை கட்டினாள். மாதக் கடைசியில் குழந்தைக்குக் காதுகுத்து நடத்த என் கொழுந்தன் பணம் கேட்டபோது, மாமா ஏதோ நினைவில், "இந்த மாதம் உங்களுக்கே நிறைய போயிருக்கிறதே" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அவள் பெட்டி கட்டிவிட்டாள். மாமா சொன்னதில் பொய் இல்லை, அவள் கோபத்திலும் பொய் இல்லை. யாருக்கு எவ்வளவு போயிற்று, யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவரவர் மனத்தில் அவரவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மனக்கணக்கில் நம் உழைப்பு எப்போதும் கூடுதலாகத்தானே இருக்கும்.

இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை அன்று வாங்கிவந்தேன். கொட்டகையில் ஆணியில் மாட்டினேன். இடது பக்கம்: எந்தப் பாத்தி, என்ன கீரை, எத்தனை கட்டு, என்ன விலை, கமிஷன், டீசல். வலது பக்கம் ஆட்களின் பெயர். யார் எத்தனை கட்டு கட்டினார்கள், யார் ராத்திரி தண்ணீர் பாய்ச்சினார்கள், யார் வண்டி ஓட்டினார்கள். மாதக் கடைசியில் வீட்டுச் செலவும் தோட்டச் செலவும் போக மிஞ்சியதில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்துவிட்டு மற்றதை வேலைப்படி பிரிப்பது என்று சொன்னேன். "கூட்டுக் குடும்பத்தில் கூலி நோட்டா?" என்று மாமா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அவருக்கு அவமானமாக இருந்திருக்கும், இப்போது புரிகிறது. ஆயாதான் முடித்துவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் நோட்டை வாங்கிப் புரட்டி, "இதில் என் பெயர் எங்கே?" என்று கேட்டார். காட்டினேன். அன்றிரவு அவர் நூற்றுப் பன்னிரண்டு கட்டு கட்டினார். என்னுடையது தொண்ணூறு.

வயதானவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்ற பெயரில் அவர்களை வேலையிலிருந்து எடுத்துவிடுவதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆயாவிடம் கட்டுவதை மட்டும் விடவில்லை, காலண்டரையும் கொடுத்துவிட்டோம். அமாவாசையன்று கோயில் வாசல்களில் பசுவுக்கு அகத்திக்கீரை வாங்கிக் கொடுப்பார்கள். துவாதசிக்கு வீடுகளில் அகத்தி வாங்குவார்கள். ஆடியில் கூழ் ஊற்றும்போது முருங்கைக்கீரை கேட்பார்கள். எந்த நாளுக்கு எதை எவ்வளவு வெட்டுவது என்பதில் ஆயாவின் பேச்சுக்கு மேல் யாரும் பேசக் கூடாது. மாமாவே பேசமாட்டார். ஒருமுறை கொழுந்தன் ஆயாவைக் கேட்காமல் சாதாரண வியாழக்கிழமையில் அகத்தி முழுவதையும் வெட்டி, பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தான். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் துவாதசி என்பதை மட்டும் சொன்னார்.

நோட்டு போட்டு ஒரு வருஷம் நிறைந்த நேரத்தில் வெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அந்த இரவில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும் எங்கள் கீழ்க்காணி விடிவதற்குள் மூழ்கிவிட்டது. பசுக்களை ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனோம். தண்ணீர் வடிந்தபோது பாத்தி இல்லை, வரப்பு இல்லை. அரை அடி வண்டல், அதில் பிளாஸ்டிக் பைகளும் யாருடையதோ ஒரு கட்டிலும். மேலே வண்டல் படிந்திருக்கிறது, நல்ல சத்து என்று அவசரப்பட்டு உடனே விதைத்தோம். முளைத்தது மஞ்சளாக நின்று செத்தது. நீர் தேங்கிய மண் மூச்சுவிட நாளாகும். பிறகு பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, அதற்கும் பின்புதான் கீரை. கிட்டத்தட்ட நான்கு மாதம் கீழ்க்காணியில் வருமானம் இல்லை. இந்த நான்கு மாதத்தில் வீட்டில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை என்பது எனக்கே வியப்பு. பொதுப் பங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரிந்திருந்தது.

வேறொன்று அப்போது உறைத்தது. பயிர்ச் சேதத்துக்குக் கணக்கெடுக்க வந்தபோது பட்டாவைக் கேட்டார்கள். பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் நான்கு வருஷம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலிலும் கீரை என்று பதிவாகியிருக்கவில்லை. குற்றம் எங்களுடையதுதான். நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்பு. விவசாயக் குடும்பங்களில் பட்டா மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. அதைத் தொட்டால் பங்குப் பேச்சு வந்துவிடும் என்ற பயம்.

பயந்த பேச்சு 2019-இல் வந்தது, கிணறு வழியாக. அந்தக் கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு கிடந்தன. லாரிக்காரர்கள் கிணறு கிணறாகத் தேடி வந்தார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. கொடுத்தோம். இதை மறைக்க விரும்பவில்லை. பத்தொன்பது நாள் கொடுத்தோம். கீரையில் ஒரு மாதம் பாடுபட்டுப் பார்க்கிற பணத்தை ஒரு வாரத்தில் பார்த்தோம். ராத்திரி தூங்கவும் முடிந்தது. பத்தாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர், அன்று எங்களுக்காக விதை தூவிய அதே மனிதர், தம் கிணற்றில் மோட்டார் காற்று வாங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் கொடுத்திருக்கிறோம். நோட்டில் தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஒருமுறை நினைத்ததுண்டு.

பத்தொன்பதாம் நாள் மாமாவின் மூத்த தங்கை போன் செய்தார். "அண்ணா, கிணற்றில் என் பங்குத் தண்ணீர் என்ன விலைக்குப் போயிற்று?"

மாமா பதில் சொல்ல முடியாமல் போனை அத்தையிடம் கொடுத்தார், அத்தை என்னிடம் கொடுத்தார். நோட்டைப் பார்த்துத் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீயாவது எழுதி வைத்திருக்கிறாயே" என்றார். அன்றே லாரிக்காரர்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டோம்.

நிலம் தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதவில்லை. அப்படியென்றால் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆயா, மாமா, மாமாவின் தங்கைகள் இருவர் என நான்கு பங்கு. தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று மாமா நம்பியிருந்தார். ஊர் வழக்கம் அதுதான். அவர்கள் போடவில்லை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மூலப் பத்திரமும் எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் இ-சேவை மையத்துக்கு நடந்தோம். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயரின் எழுத்தும் ஆதாரில் இருக்கும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். அதைச் சரிசெய்யவே பல நடை. கடைசியில் நான்கு பெயரிலும் கூட்டுப் பட்டா வந்தது. தங்கைகளின் பங்கு நிலத்துக்கு வருஷத்துக்கு ஒரு தொகையைப் பொங்கலுக்கு முன் கொடுக்கிறோம். அது நோட்டில் செலவுப் பக்கத்தில் வருகிறது. அவர்கள் அந்த இடத்தை விற்கலாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டின் விலையைக் கேட்டால், சொல்லமாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை.

2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. எங்களுக்குத் தூரம் குறைவுதான். ஆனால் வழக்கமாக எங்களிடம் வாங்கும் சில்லறைக்காரர்கள் பலர் அங்கே வரவில்லை. அப்போதுதான் மாடிப்படி விளக்குக் குடியிருப்புக்கு முதன்முதலாகக் கீரை போயிற்று. கொழுந்தன் வேலி ஓரத்தில் ஒரு மேசை போட்டான். மண்டியில் கட்டின் அளவு மட்டும்தான் பேச்சு. அங்கே எந்த மருந்து அடித்தீர்கள், எந்தத் தண்ணீரில் அலசினீர்கள் என்று கேட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு போர் தண்ணீரில்தான் அலசுகிறோம், வேப்ப எண்ணெயும் இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசலும்தான் தெளிக்கிறோம் என்று அட்டையில் எழுதி வைத்தோம். எழுதி வைத்ததால் அப்படியே நடக்கவும் வேண்டியதாயிற்று. அந்த மேசை இன்றும் இருக்கிறது. அதை இப்போது பார்ப்பவள் என் மகள், ஒன்பதாம் வகுப்பு. காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. அவள் பெயரும் வலது பக்கத்தில் இருக்கிறது.

போன மாதம் அவள்தான் கேட்டாள். கணக்கைக் கூட்டிக்கொண்டே, "அம்மா, இதில் பாட்டி பெயர் ஏன் எப்போதும் குறைவாகவே இருக்கிறது?" என்றாள். அவள் பாட்டி என்றது அத்தையை. "பாட்டி அதிகம் கட்டமாட்டார்கள், சமையல் வேலையில் இருப்பார்கள்" என்றேன். "சமையல் எந்தப் பக்கம்?" என்றாள்.

பத்து வருஷமாக நான் எழுதுகிற நோட்டு. பசுவுக்குத் தவிடு வாங்கியது வரை அதில் இருக்கிறது. நாங்களெல்லாம் நான்கு மணியிலிருந்து பத்து மணி வரை பாத்தியிலும் தொட்டியிலும் நிற்கும்போது, பத்துப் பேருக்கு உலை வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எல்லோருக்கும் கொட்டகைக்கே டீ கொண்டுவந்து கொடுத்தவரின் வேலைக்கு அதில் ஒரு கோடுகூட இல்லை. ஓரகத்தி பெட்டி கட்டிய அன்று எனக்குக் கோபம் வந்ததே, அந்தக் காரணம் அப்படியே என் கையெழுத்தில் இருந்தது.

உட்கார்ந்து பேசினோம். சமையலுக்கு எவ்வளவு போடுவது என்பதில் கொழுந்தன் ஒன்று சொன்னான், என் கணவர் ஒன்று சொன்னார். மாமா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஒரு வேளை சமையலை ஐம்பது கட்டாகக் கணக்கிடுவது, வாரத்தில் இரண்டு நாள் ஆண்கள் சமைப்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. கணவர் சமைக்கிற நாளில் ஐம்பது கட்டு அதிகம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அத்தை முழு நேரமும் வாய் திறக்காமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கடைசியில் நோட்டை எடுத்து அவர் பெயருக்கு நேராகப் புதிய கோடு இழுத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது இனிமேலுக்குத்தானே? நான் இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. பழைய பாக்கியை எங்கே எழுதுவாய்?"

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. அன்று தேதி போட்டு, "பழைய பாக்கி" என்று மேலே எழுதி, ஒரு பக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன். அதில் இன்னும் தொகை எதுவும் இல்லை.